மழை வந்தா துணியை எடு!

"கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன். மழை வந்தா மாடியில துணியை எடுத்துடு."

என் வாழ்க்கையில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் புரோகிராம் இதுதான். எழுதியவர் என் அம்மா.

சிரிக்காதீர்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது இதைவிடப் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு நிபந்தனை, ஒரு வேலை. இப்படி ஆனால் அப்படிச் செய். என்ன, அம்மா சொன்னால் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம். கம்ப்யூட்டருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது சாயங்கால கம்ப்யூட்டர் கிளாஸ் ஒன்றில் சேர்ந்தேன். (இன்ஸ்டிட்யூட் பெயர் வேண்டாம். கீழே பேக்கரி, மேலே கிளாஸ். பப்ஸ் வாசனையில் பாடம் ஏறவில்லை என்று இன்றுவரை ஒரு சாக்கு வைத்திருக்கிறேன்.) சொல்லிக் கொடுத்தது 'சி' என்கிற மொழி. 1989-ல் தரப்படுத்தப்பட்ட அந்த மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள் மொத்தமே 32. ஒரு மத்தியானத்தில் மனப்பாடம் பண்ணிவிடலாம். பண்ணினேன்.

மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி. கடை பில்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் ஆயிரத்தைத் தாண்டினால் 'தள்ளுபடி உண்டு' என்று திரையில் காட்ட வேண்டும். நான் முதல் வேலையாக 'இஃப்' போட்டு, மொத்தம் ஆயிரத்தைத் தாண்டினால் தள்ளுபடி என்று ஜம்மென்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே கூட்டுகிற லூப். ஓட்டிப் பார்த்தால் மொத்தம் ஆயிரம் தாண்டியது, இரண்டாயிரம் தாண்டியது, தள்ளுபடி மட்டும் வந்தபாடில்லை!

விஷயம் இதுதான். 'இஃப்' வரியைக் கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் பார்க்கும். அப்போது மொத்தம் பூஜ்யம். ஆயிரத்தைத் தாண்டவில்லையா, சரி, அடுத்த வரி. அதோடு அந்தப் பேச்சையே மறந்துவிடும். அம்மாவின் 'மழை வந்தா' அந்த ரகமில்லை. அவர் தெருமுனை திரும்புவதற்குள் வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மழை இல்லை' என்று நான் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும். அந்த 'வந்தா'வுக்குள் 'எப்போது வந்தாலும்' இருக்கிறது, 'நான் திரும்புகிறவரைக்கும்' இருக்கிறது, 'ஒரு காதை ஜன்னலுக்கு வெளியே வைத்திரு' என்பதும் இருக்கிறது. இத்தனையையும் ஒரு விகுதியில் அடக்கிப் பேசிப் பழகிய நான், என் 'இஃப்'பும் ஒரு ஓரமாக உட்கார்ந்து மொத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"தமிழ் மீடியமா?"

"ஆமா சார்."

"அதான். தமிழ்ல யோசிச்சா இதெல்லாம் வராது தம்பி. இங்கிலீஷ்ல யோசிக்கப் பழகு."

பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்த வாரத்தோடு நின்றுவிட்டேன். கட்டின பணம் போனது போனதுதான். அப்பாவுக்கு இன்னும் முழு விவரம் தெரியாது. (இந்த இதழ் எங்கள் வீட்டுக்கும் வரும். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட உத்தேசம்.)

பிறகு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அங்கே பெரியவர் ஒரு கால்குலேட்டர் வைத்திருந்தார். எச்.பி. 12சி, 1981-ல் வந்த மாடல். அதில் 'சமம்' பட்டனே கிடையாது! இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமென்றால் முதலில் 2, அப்புறம் என்டர், அப்புறம் 3, கடைசியில்தான் கூட்டல் குறி. ஆபீஸில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஒருநாள் அவசரத்துக்கு என் கையில் வந்தது. ஐந்து நிமிஷத்தில் பழகிவிட்டது. எப்படி என்று எனக்கே ஆச்சரியம்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது புரிந்தது. நாம் எப்படிச் சொல்வோம்? 'இரண்டையும் மூன்றையும் கூட்டி, நாலால் பெருக்கு.' கால்குலேட்டரில் அமுக்குவது 2, என்டர், 3, கூட்டல், 4, பெருக்கல். வரிசை பிசகவில்லை. எண்கள் முன்னால், வினை பின்னால். அடைப்புக்குறி எதுவும் வேண்டாம். போலந்துக்காரர் யான் லூகாஸியேவிச் என்ற தர்க்கவியல் அறிஞர் 1920-களில் குறியை முன்னால் போட்டு எழுதும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதைத் தலைகீழாகத் திருப்பியதுதான் இது. திருப்பிப் போட்டதும் தமிழ் வாக்கியம் மாதிரி ஆகிவிட்டது!

அப்படியானால் தமிழில் யோசிப்பது உதவியா, உபத்திரவமா? மாஸ்டர் சொன்னது சரியா, தப்பா? அந்தக் கேள்வி பல வருஷம் முள் மாதிரி உள்ளே கிடந்தது.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு பெண்மணி 1950-களிலேயே கிளப்பியிருக்கிறார். கிரேஸ் ஹாப்பர். கணித டாக்டரேட், கடற்படை அதிகாரி. எண்களுக்குப் பதில் சாதாரண இங்கிலீஷ் வார்த்தைகளில் புரோகிராம் எழுதலாம் என்று பிடிவாதம் பிடித்தவர். அதைக் கம்பெனி மேலிடத்துக்குக் காட்டும்போது கூடவே அதே புரோகிராமை பிரெஞ்சு வார்த்தைகளிலும் ஜெர்மன் வார்த்தைகளிலும் போட்டுக் காட்டினார். மெஷினுக்கு எல்லாம் ஒன்றுதான், வெறும் அடையாளங்கள். ஆனால் மேலிடம் ஆடிப்போய்விட்டதாம். அமெரிக்காவில் செய்த மெஷினுக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும்? கடைசியில் 'இங்கிலீஷைத் தவிர வேறு எதுவும் போடமாட்டோம்' என்று உறுதி சொல்ல வேண்டியதாயிற்று என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவருடைய ஃப்ளோமேட்டிக் மொழியை ஒட்டித்தான் கோபால் பிறந்தது. (நம்மூர் கோபால் இல்லை. வியாபாரக் கணக்குக்கான கம்ப்யூட்டர் மொழி.)

ஆக, 'இஃப்' இங்கிலீஷில் இருப்பது மெஷினின் குணத்தால் அல்ல. தமிழிலும் இருக்கலாம். இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் நிபந்தனையை முதலில் எழுதிவிட்டு 'ஆனால்' என்று பின்னால் போடுகிறார்கள், நாம் பேசுகிற வரிசையிலேயே. பார்த்ததும் எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் கணக்குப்பிள்ளை புத்தி போகாதே! என் தள்ளுபடி கணக்கை அதே தப்போடு எழிலில் எழுதினால்? அங்கேயும் தள்ளுபடி வராது. 'ஆனால்' என்று தமிழில் எழுதினாலும் மெஷின் பார்ப்பது அந்த வரிக்கு வரும்போதுதான்.

அப்புறம்தான் ஒரு பழைய கட்டுரை கண்ணில் பட்டது. 1986-ல் வந்தது. புரோகிராம் கற்றுக்கொள்ளும் புதியவர்கள் செய்கிற தப்புகளைப் பற்றி ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதியது. அதில் ஒரு உதாரணம்... நிபந்தனை மேலே, மதிப்பு மாறுகிற லூப் கீழே. 'கீழே மதிப்பு வந்து சேர்ந்ததும் மேலே உள்ள இஃப் விழித்துக்கொள்ளும்' என்று மாணவர்கள் நினைத்தார்களாம். என் தப்பு! அச்சு அசல் என் தப்பு! அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர்கள், இங்கிலீஷ் மீடியம். மெஷினுக்குள் நம் மனசைப் புரிந்துகொள்ளும் ஒரு ஆள் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்வதுதான் இதற்கெல்லாம் வேர் என்கிறார் அவர்.

நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பின்வரிசை நாலு பேரின் முகம்கூட ஞாபகம் வந்தது.

இன்னொரு சங்கதியையும் மாஸ்டருக்குச் சொல்ல ஆசை. கம்ப்யூட்டர் உலகத்தில் டைக்ஸ்ட்ரா என்று ஒரு மேதை, ஹாலந்துக்காரர். கோபால் படித்தால் மூளை முடமாகிவிடும் என்று 1975-ல் திட்டித் தீர்த்தவர். மொழி மூளையைக் கெடுக்கும் என்று நம்பியவர்தான். ஆனால் அதே குறிப்பில், நல்ல புரோகிராமருக்குக் கணக்கில் நாட்டம் வேண்டும், அதோடு முக்கியமாகத் தாய்மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் அல்ல ஸார், தாய்மொழியில்!

போன மாதம் ஒரு ஏ.ஐ.யிடம் தமிழிலேயே கேட்டேன். "மழை வந்தா துணியை எடு. இதற்கு புரோகிராம் எழுது." எழுதியது. 'இஃப்'பை அழகாக லூப்புக்குள் வைத்திருந்தது. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டது. மழை வருகிறதா என்று எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்?

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் போய் அதை அப்படியே கேட்டேன்.

"எத்தனை நிமிஷத்துக்கா? ஏண்டா, மழை வந்தா தெரியாதா?"