வீட்டுப் பொது ஃபோல்டருக்கும் பூட்டு வேண்டும்



இப்போது பல வீடுகளில் மூன்று வகைக் கணினிகள் இருக்கின்றன. அப்பாவிடம் விண்டோஸ், கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் லினக்ஸ், வேலைக்குப் போகும் மகளிடம் மேக். கல்யாணப் படங்களோ நிலப் பத்திரத்தின் ஸ்கேனோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமென்றால் பென்டிரைவைத் தேடுகிறோம். இல்லாவிட்டால் பக்கத்து அறைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். படம் தெளிவு குறைந்து போய்ச் சேர்கிறது. வீட்டு வைஃபையிலேயே ஒரு பொது ஃபோல்டர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் "சார், பாஸ்வேர்டு கேட்டுத் தொந்தரவு செய்கிறது, எடுத்துவிடலாமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

விண்டோஸ் ஃபோல்டரைப் பகிரப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991-92இல், கணினிகளுக்கிடையே ஓடும் தகவலைக் கவனித்தே அந்த மொழியைக் கற்று, ஒரு மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதுதான் சாம்பா. எஸ், எம், பி மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதியில் தேடி வைத்த பெயர். 2013இல் ஆப்பிளும் எஸ்எம்பி-யின் இரண்டாம் பதிப்பையே முதன்மையாக்கிக்கொண்டது. ஆகவே "வேறு வேறு சிஸ்டம், ஒத்துவராது" என்பது பழைய பேச்சு.

பிறகு ஏன் திறக்க மறுக்கிறது? பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். லினக்ஸில் சாம்பாவுக்கென்று தனி பாஸ்வேர்டு பதிய வேண்டும். விண்டோஸில் வீட்டு வைஃபையைப் 'பிரைவேட்' என்று குறித்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் பார்க்காமல், ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து பாஸ்வேர்டை நீக்குவதும், எஸ்எம்பி-யின் முதல் பதிப்பை மீண்டும் இயக்குவதும் பூட்டு திறக்கவில்லை என்று கதவையே பெயர்ப்பது போன்றது.

அந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் 'வான்னாக்ரை' பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்த முதல் பதிப்பு தானாக வருவதில்லை.

"வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள்?" என்பீர்கள். விருந்தாளிக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்காத வீடு எது? வருகிறவர் நல்லவர்தான், அவர் லேப்டாப்பில் வைரஸ் இருக்கிறதா என்பது அவருக்கே தெரியாது. எல்லோரும் எழுதலாம் என்று திறந்து வைத்த ஃபோல்டரை அந்த ஒரு லேப்டாப்பே பூட்டிவிடும்.

ஆகவே என் யோசனை இது. வீட்டில் ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமை. மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை போதும். பழைய எஸ்எம்பி மட்டுமே தெரிந்த ஸ்கேனர் இருந்தால், அதற்கு மட்டும் பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய கருவிக்காக வீடு முழுவதையும் திறந்து போடாதீர்கள். கோப்புப் பெயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வேண்டாம், விண்டோஸ் ஏற்காது. யூனிகோடு தமிழில் பெயர் வைத்தால் மூன்றிலும் படிக்கலாம். பொது ஃபோல்டரே காப்புப் பிரதி ஆகிவிடாது. தனி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்துக் கழற்றி வையுங்கள்.

தாத்தா பாட்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. அது தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாஸ்வேர்டு தட்டப் பத்து விநாடி ஆகும், அவ்வளவுதானே?

அன்புடன், உங்கள் ஆசிரியர்.