கடைசியாகச் சூட்டும் பூ

காலடிப்பேட்டைக் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் வழியில் பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் உண்டு. மாலை கேட்டு நிற்பவரிடம், "எந்த வீட்டுக்குப்பா?" என்று மட்டுமே வினவுவார். துக்க வீட்டுக்கென்றால் முதல் போணியாகக் கொடுக்கமாட்டார். யாரேனும் சுவாமிக்கு ஒரு முழம் வாங்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். அதன்பின் அவர் கட்டித்தரும் மாலையில் ஒரு குறையும் இராது.

துக்கத்திற்கு எந்தப் பூ ஏற்றது என்று வாசக அன்பர்கள் சிலர் கேட்டுள்ளனர். வைணவர் இல்லமெனில் துளசி, சைவர் இல்லமெனில் வில்வம். இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. பெருமாளுக்குத் தொண்டு செய்தோர் பரமபதித்தால் கோயிலிலிருந்தே மாலையும் பரிவட்டமும் வருவது வைணவ மரபு. மற்றபடி சம்பங்கி, சாமந்தி, ரோஜா என அன்று கிடைக்கும் புதுப்பூ எதுவும் தகும். ஜிகினாத் தாளும் நைலான் கயிறும் கலந்த மாலையைத் தவிர்த்தல் நன்று. ஊர்வலத்தில் மாலைகளைப் பிய்த்துச் சாலையில் இறைப்பதையும் நான் ஏற்பதில்லை. பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவர் வழுக்கி விழுந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வங்கியில் இருந்த நாளில், ஊழியர் சார்பில் மலர்வளையம் வாங்கிச் செல்வது என் பொறுப்பு. அதை எங்கே வைப்பதென்று எந்த வீட்டிலும் தெரிந்ததில்லை. பெரும்பாலும் சுவரோரம் சாய்ந்தே கிடக்கும். நெஞ்சின்மேல் இருப்பது என்னவோ வீட்டார் தொடுத்த துளசிச் சரம்தான்.

சுமங்கலியாக மறைந்தவருக்கு மஞ்சளும் குங்குமமும் தலை நிறைய மல்லிகையுமாக அலங்கரிக்கின்றோம். கணவனை இழந்து வாழ்ந்த பெண் மறைந்தால்? என் தாயார் முப்பத்தோராண்டு பூச்சூடாதிருந்தவர். அவருடைய இறுதி நாளில் என் தங்கை ஒரு முழம் மல்லிகையை எடுத்தபோது, அத்தை தடுத்தார். "அவளே ஒதுக்கி வைத்ததை நாம் சூட்டலாமா?" என்றார். அவருடைய வருத்தமும் பொய்யன்று. அவரும் அந்நிலையில் இருபதாண்டு கழித்தவர். நான் மூத்த மகன், ஆயினும் வாயடைத்து நின்றேன்.

உடுத்துவதற்குப் புடவை எடுக்கத் தங்கை தாயாரின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடிப்புகளுக்கிடையே உலர்ந்த மகிழம்பூச் சரங்கள் இருந்தன. நிறம் பழுப்பேறியும் மணம் மாறவில்லை. காய்ந்தபின்னும் மணப்பது மகிழம்பூவின் இயல்பு. திருவொற்றியூர்த் தலமரமும் மகிழமே. சங்கிலி நாச்சியார் இறைவனுக்குப் பூமாலை தொடுத்ததும், அவரைப் பிரியேன் என்று சுந்தரர் அம்மகிழின் கீழ் வாக்களித்ததும் நம் பகுதியில் சிறுவரும் அறிந்த கதை. வெள்ளிதோறும் வடிவுடையம்மனைத் தரிசிக்கச் சென்ற தாயார், சூடிக்கொள்ளக் கூடாதென்று பிறர் சொன்ன பூவை வாங்கி வந்து, யாருக்கும் சொல்லாமல் புடவைக்குள் வைத்திருக்கிறார். முப்பத்தோராண்டும் அவர் ஆடையில் வீசிய மணம் எதனால் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

அத்தை அச்சரங்களைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின் அவரே தாயாரின் தலையருகே அமர்ந்து, உலர்ந்த பூ உதிராதபடி மெல்லக் கொண்டையில் செருகினார். மல்லிகையையும் தங்கையிடமிருந்து வாங்கிச் சுற்றிலும் வைத்தார். கூடத்தில் நின்ற முதியோர் சிலர் முகம் சுளித்தனர். எவரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரேயொரு சரத்தை அத்தை தம் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டதை நான் கண்டேன்.