ஏரியூரில் ஒரு முதல் அடி

"என்ன, குழந்தை நடக்கிறதா?"

சென்ற இரண்டு மாத காலமாக இந்தக் கேள்வி என் காதில் விழாத நாள் கிடையாது. பால் வாங்கப் போனால் பால்காரர் கேட்கிறார். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் மூன்றாம் வீட்டு மாமி கேட்கிறாள். காரியாலயத்தில், இன்னும் கல்யாணமே ஆகாத ஓவியர் ஒருவர் கூடக் கேட்கிறார். "இன்னும் இல்லை" என்று நான் சொன்னதும் எல்லோரும் ஒரே மாதிரி "ஓ!" என்கிறார்கள். அந்த "ஓ"வில் அனுதாபம் ஒரு பங்கு. "எங்கள் வீட்டில் பத்தாம் மாதமே ஓடியதாக்கும்" என்ற பெருமை மூன்று பங்கு!

எங்கள் பாப்பாவுக்குப் பதின்மூன்று மாதம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மற்ற விஷயங்களில் அவள் சூரப்புலி. காக்கையைக் கண்டால் "கா" என்பாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துத் தன் மூக்கில் தலைகீழாக மாட்டிக் கொள்வாள். நாலு பல்லையும் என் தோளில் பதித்து, பதிந்திருக்கிறதா என்று சரி பார்ப்பாள். ஆனால் நடை மட்டும் கிடையாது. தவழ்வதும் கிடையாது. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மற்றொரு காலைத் துடுப்பாகப் போட்டுக்கொண்டு, கூடம் முழுவதும் படகு விடுவாள்.

பெற்றவள் மனசு கேட்குமா? ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கொள்வேன். அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கூசி, காலை இழுத்துக் கொள்வாள். "உணர்ச்சி இருக்கிறது" என்று ஆறுதல் கொண்டு மறுபடி படுப்பேன். என் வீட்டுக்காரர், "அவள் காலில் உணர்ச்சி இருக்கிறது. தூக்கம்தான் இல்லை, உன்னால்!" என்பார்.

கடைசியில் குழந்தை வைத்தியரிடம் போனோம். அந்த அம்மாள் பாப்பாவை நிற்க வைத்துப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து தேசங்களில் குழந்தைகளைக் கவனித்து, 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறதாம். அதன்படி ஆரோக்கியமான குழந்தை தானாக நடக்கத் தொடங்கும் காலம் எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை! நூற்றுக்கு நாலு குழந்தைகள் முறைப்படி தவழாமலே எழுந்து நடந்துவிடுகின்றனவாம்.

"ஒன்பது மாதத்தில் உட்காராவிட்டால் வாருங்கள். ஒரு பக்கத்துக் கையையோ காலையோ மட்டும் உபயோகித்தால் வாருங்கள். கற்றுக்கொண்டதை மறந்துபோனால் உடனே வாருங்கள். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால் கட்டாயம் வாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது என்பதற்காக மட்டும் வராதீர்கள்" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கல்லூரியில் படித்த பிள்ளைத்தமிழ் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாம் மாத வாக்கில் தலை தூக்கி ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாத வாக்கில் கை கொட்டுவது சப்பாணி, அப்புறம் முத்தம், ஓராண்டு வாக்கில் "நடந்து வா" என்று அழைப்பது வருகை. பரீட்சைக்காக உருப்போட்டபோது இது வெறும் இலக்கணமாகத் தெரிந்தது. பெற்ற பிறகுதான், குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து மாதக் கணக்கில் பார்த்தவர்கள் வகுத்த வரிசை என்று புரிகிறது. புலவர் பெருமக்களும் "வா, வா" என்று கெஞ்சித்தான் பாடியிருக்கிறார்கள். "ஏன் இன்னும் வரவில்லை?" என்று யாரும் அதட்டவில்லை!

இந்தச் சமயத்தில்தான் ஏரியூரிலிருந்து அத்தையின் டெலிபோன் வந்தது. "ரெண்டு வாரம் இங்க கொண்டாந்து விடு கண்ணு. சிமிட்டித் தரையில எங்க நடக்கும்? மண்ணுல கால் பட்டாத் தானா நடக்கும்."

ஏரியூர் என் வீட்டுக்காரரின் சொந்த ஊர். தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் தாண்டிப் போக வேண்டும். வழியெல்லாம் குன்றுகள், புளிய மரங்கள், கேழ்வரகுக் கொல்லைகள். அந்தப் பக்கத்தில் நாகமரைக்குப் போனால் மேட்டூர் அணையில் தேங்கிய காவிரி கடல் மாதிரி கிடக்கும். 1934-ல் கட்டி முடித்த அணை அது. தண்ணீர் வற்றினால் எதிர்க் கரையில் பண்ணவாடிப் பக்கம், பழைய கோயிலின் நந்தி தலை காட்டும். அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வருவார்கள்.

போய் இறங்கிய அன்றே பாப்பாவுக்கு ராஜ உபசாரம். திண்ணையில் ஒரு நடைவண்டி தயாராக நின்றது. மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். சென்னையில் எனக்கு ஒரு சிநேகிதி பரிசளித்த 'வாக்கர்' நினைவுக்கு வந்தது. நடுவில் குழந்தையை உட்கார வைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் வண்டி. அது நடையைக் கற்றுக் கொடுப்பதில்லை. படியில் உருண்டு விழத்தான் வழி செய்கிறது என்று, கனடா தேசத்தில் 2004-ல் அதை விற்பதையே தடை செய்துவிட்டார்கள். ஏரியூர்த் தச்சரின் வண்டியில் குழந்தை தன் காலிலேயே நின்றாக வேண்டும். தச்சருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

காலையில் பாப்பாவுக்குக் கேழ்வரகுக் கூழ். ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்த மாவைக் காய்ச்சி, துளி நெய் விட்டு அத்தை ஊட்டுவார். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் இருந்தால் பெரிசு. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். "எங்க ஊட்டுச் சோத்தை இப்பத்தான் கெவுர்மெண்டுக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றார் அத்தை.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. சமையலறையில் இரண்டு குடங்கள். பாப்பாவின் கூழுக்கும் குடிநீருக்கும் அத்தை ஒரு குடத்திலிருந்து மட்டுமே தண்ணீர் எடுப்பார். நான் மறந்துபோய் மற்றக் குடத்தில் தம்ளரை விட்டால், "அது வேணாம் கண்ணு, அது போர்த் தண்ணி" என்று தடுப்பார். மடி, ஆசாரம் மாதிரி ஏதோ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் எட்டு வயசுச் சிறுமி ஒருத்தி. பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பாவைத் தேடி வந்துவிடுவாள். நடைவண்டி தள்ளுவாள்; புளியங்கொட்டை உருட்டிக் காட்டுவாள்; நாய் மாதிரி, ஆடு மாதிரிக் கத்துவாள். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தப் பெண்ணும் சிரிப்பாள். ஆனால் சிரிக்கும்போதெல்லாம் கை வாயைப் பொத்திக்கொள்ளும். வெட்கம் என்று நினைத்தேன். ஒரு நாள் கை விலகியபோது பார்த்தேன். முன் பற்களில் வெள்ளைத் திட்டுகள். குறுக்கே காப்பிக் கறை போலப் பழுப்புக் கோடுகள்.

"சரியாகப் பல் தேய்க்கிறதில்லையோ?" என்று அத்தையிடம் மெதுவாகக் கேட்டேன்.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது தேய்ச்சாப் போற கறை இல்ல கண்ணு. தண்ணி பண்ணின வேலை. உன் ஊட்டுக்காரனைப் பாத்ததில்லையா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கல்யாணப் படங்களில் ஒன்றில் கூட அவர் வாய் திறந்து சிரிக்கவில்லை. "என்னைக் கட்டிக்கொண்ட துக்கமா?" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! பல்லில் கறை ஏன் என்று கேட்டதற்கு, "சின்ன வயசில் ஒழுங்காகத் தேய்க்கவில்லை" என்று சொல்லியிருந்தார். அன்றிரவு மறுபடி கேட்டேன். வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தி, "பல் தேய்க்காமல் வந்தாயா?" என்று கேட்பாராம். தினம் இரண்டு வேளை வேப்பங்குச்சியால் ஈறு புண்ணாகத் தேய்த்தும் போகவில்லையாம். "கடைசியில் நானே வாத்தியார் சொன்னதை நம்பிவிட்டேன்" என்றார்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சில பிரதேசங்களில் பூமிக்கடியில் உள்ள பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்ற உப்பு கிணற்று நீரில் கரைகிறது. நம் தேசத்தில் இதன் கெடுதலை முதலில் கண்டறிந்தது, 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களிலும் இதே தொல்லை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. ஒன்றரையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பல்லில் கறை. பல வருஷம் மிக அதிகமாகச் சேர்ந்தால் எலும்பிலும் கோளாறு.

இதில் தாய்மாரை ஏமாற்றும் சங்கதி ஒன்று இருக்கிறது. பால் பற்கள் பெரும்பாலும் முத்துப் போலத்தான் முளைக்கும். "நம் குழந்தைக்கு ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் ஆறு ஏழு வயதில் முளைக்கப் போகும் நிரந்தரப் பற்கள், குழந்தை தத்தி நடக்கும் இந்தப் பருவத்திலேயே ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. முன் பற்களுக்கு முதல் மூன்று வருஷம் மிகவும் முக்கியம். இன்று புகட்டும் தண்ணீர், பள்ளிக்கூடத்தில் சிரிக்கும்போது தெரியும்!

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆகவே பால் குடிக்கும் வரை கவலையில்லை. கூழும் கஞ்சியும் தொடங்கியதும்தான் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். காய்ச்சினால் இது போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். சாதாரண வடிகட்டியிலும் போகாது.

ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு, ஜப்பானியக் கடனுதவியுடன், 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அத்தையின் முதல் குடம் அந்த ஆற்று நீர். பிறகு ஏன் அந்தச் சிறுமிக்கு இப்படி? அவள் தாயாரே சொன்னாள்: "அப்ப நாங்க கொல்லையில குடியிருந்தோம்க்கா. வாசல்லயே போர்த் தண்ணி. அதை விட்டுட்டு ஊருக்குள்ள வந்து இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு யாரு தூக்குறது?" அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. கெடுதலுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்க வேண்டிய இடுப்பு மட்டும் ஒன்றே ஒன்று.

"எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு. பேத்திக்காவது வாய் விட்டுச் சிரிக்கட்டும்னுதான் ரெண்டு குடம்" என்றார் அத்தை. பாப்பாவின் காலையே பார்த்துக் கவலைப்பட்ட எனக்கு, அவள் குடிக்கும் தம்ளரைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. சாயங்கால வேளை. வாசலில் நான் முறுங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாப்பா நடைவண்டியைப் பிடித்தபடி நின்றாள். அந்தச் சிறுமி நாலடி தள்ளி உட்கார்ந்து "வா, வா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பாப்பா வண்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வண்டியை விட்டாள். ஓர் அடி. இடுப்பு ஆடிற்று. இன்னும் ஓர் அடி. மூன்றாவது அடியில் பொத்தென்று அவள் மடியில் விழுந்தாள்.

"அக்கா, நடந்துட்டா! நடந்துட்டா!" என்று அந்தப் பெண் கூவிக்கொண்டே இரண்டு கையாலும் கொட்டினாள். வாயைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை மிச்சமில்லை. பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். என் கண்ணில் நீர் நிறைந்தது. எதற்காக என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் பல்லையும் பல் வைத்தியர் ஓரளவு சரி செய்ய முடியுமாம். தாயாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பட்டணத்து வீடுகளிலும் கிணறும் போரும் இருக்கின்றன. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு மாதக் கணக்குப் பார்ப்பதைவிடச் சுலபம்.

சென்னை திரும்பியதும் மாடிப்படியில் முதலில் எதிர்ப்பட்டவள் மூன்றாம் வீட்டு மாமி. "என்ன, குழந்தை நடக்கிறதா?"

"நடக்கிறாள் மாமி. உங்கள் பேரனுக்குப் புகட்டும் போர்த் தண்ணீரைச் சோதித்தாயிற்றா?"

"ஓ!" என்றாள் மாமி.