“என்ன ஆளுக?” என்ற கேள்வியும் வாடகை வீடும்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் 1994இல் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டபோது, நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி ரத வீதிகளாக விரிந்த ஊரும், கோட்டையாகவும் படைமுகாமாகவும் இருந்து மிஷன் பள்ளிகளால் வளர்ந்த ஊரும், தறியையும் பீடித் தொழிலையும் நம்பி வாழ்ந்த முஸ்லிம் மக்களின் ஊரும் ஒரு குடைக்கீழ் வந்தன. இவ்வூர்களின் இடைவெளிகளிலும் விளிம்புகளிலும் பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி, கே.டி.சி. நகர் என வளர்ந்த குடியிருப்புகளே இங்கே புறநகர் எனப்படுபவை. அதாவது, பழைய ஊரின் தெருமுறைக்கு வெளியே, மனை வாங்கி வீடு கட்டியவர்களாலும் வேலை நிமித்தம் வாடகைக்கு வந்தவர்களாலும் உருவான பகுதிகள். பல சாதியினரும் பல மதத்தினரும் கலந்து வாழும் இடங்கள் என்று இவை பெருமையாகப் பேசப்படுகின்றன. அந்தப் பெருமை பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மையாக வேண்டுமானால், சாதியையோ மதத்தையோ காரணமாகக் கொண்டு வாடகைக்கு வீடு மறுப்பதைத் தமிழ்நாடு அரசு சட்டத்தால் தடை செய்ய வேண்டும்.

உண்மையான பாதியின் மதிப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 1878இல் தோன்றிய தூய யோவான் கல்லூரி, 1895இல் பெண்களுக்காகத் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் இயேசு சபையார் நிறுவிய தூய சவேரியார் கல்லூரி, 1971இல் முஸ்லிம் பெருமக்களின் முயற்சியால் எழுந்த சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி ஆகியவை சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அமைந்திருப்பதும், இவற்றில் எதுவும் தன் மதத்தாருக்கு மட்டும் என்று கதவை மூடிக்கொள்ளாததும், தாமிரபரணிக் கரை ஊர்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கின. செவித்திறன் இழந்த பிள்ளைகளுக்காக பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 1897இல் தொடங்கிய பள்ளிக்கும், ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளிக்கும் எல்லாச் சமூகத்துப் பெற்றோரும் வந்தனர். தசராவின்போது பாளையங்கோட்டை அம்மன் கோயில்களின் சப்பரங்கள் அணிவகுத்து வருவதைக் காண எல்லாத் தெருவினரும் கூடுகின்றனர். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில், திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள செய்துங்கநல்லூரின் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கியிருந்தன. பள்ளிக்கூடம், மருத்துவமனை, சந்தை, திருவிழா, ஆபத்துக் காலம் ஆகிய இடங்களில் இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு மக்கள் கலந்து வாழப் பழகியவர்கள் என்பதில் ஐயமில்லை.

அந்தக் கலப்பு வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. வாடகைக்கோ ஒத்திக்கோ வீடு தேடி வருபவரிடம், அதாவது மாத வாடகை தருபவரிடமும் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருக்க விரும்புபவரிடமும், முதலில் கேட்கப்படுவது வேலையோ வருமானமோ அன்று. “எந்த ஊரு?” என்று தொடங்கி, தெருப்பெயரைத் தொட்டு, “என்ன ஆளுக?” என்பதில் அந்த விசாரணை முடிகிறது. விடை பிடிக்காவிட்டால், வீடு நேற்றே பேசி முடிக்கப்பட்டுவிட்டது என்ற பதில் வருகிறது. “சைவம் மட்டும்” என்று எழுதிய பலகை இதே வேலையைக் கேள்வி கேட்காமலே செய்துவிடுகிறது. பழைய வளவுகளில், அதாவது ஒரே வாசலுக்குள் பொது முற்றத்தைச் சுற்றி அமைந்த வரிசை வீடுகளில், உறவினரும் ஒரே சாதியினரும் சேர்ந்திருந்ததற்கு அந்தக் காலத்துச் சொத்துமுறையைக் காரணமாகச் சொல்லலாம். முன்பின் அறியாதவர்கள் பணம் கொடுத்து மனை வாங்கிய புதிய நகரில் அதே வளவைக் கண்ணுக்குத் தெரியாத சுவர்களால் மீண்டும் கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புதிய இடம் தானாகவே பழைய வெறுப்பைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையை அண்மைக்கால நிகழ்வுகள் பொய்யாக்கிவிட்டன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டபோது, அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு, பள்ளிகளில் சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. 2025 ஜூலை 27 அன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர், வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதன் காரணமாக வெட்டிக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு. அது நடந்த இடம் ஏதோ ஒரு பழைய கிராமத்தின் தெருவன்று, மாநகரின் விளிம்பிலுள்ள கே.டி.சி. நகர். ஒரே வகுப்பறையில் அமர்ந்தவர்களின் குடும்பங்கள் ஒருபோதும் ஒரே மாடிப்படியைப் பயன்படுத்தியதில்லை என்றால், வகுப்பறை தரும் நட்பு வீடுவரை நீள்வதற்கு வழியில்லாமல் போகிறது.

கலந்து வாழ்வதில் இழப்புகளும் உண்டு. அவற்றை மறைப்பது இந்த வாதத்துக்கு வலு சேர்க்காது. மேலப்பாளையத்தில் ஜமாஅத்தின் துணையோடும், நடந்து போகும் தொலைவில் பள்ளிவாசலோடும் வாழும் குடும்பத்துக்குப் புறநகர் வீடு தனிமையைத் தரக்கூடும். சாதி வன்முறையைக் கண்டவர்கள் தம்மவர் நடுவே வாழ விரும்புவது தற்காப்பு. அதைக் குறுகிய மனம் என்று பழிப்பது தவறு. இதைவிட ஆழமான மற்றோர் இழப்பையும் குறிப்பிட வேண்டும். பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாக ஓடும் பாளையங்கால்வாயை, அதன் நீரில் பயிரிட்ட ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அதன் பாசனப் பரப்பில் நிலம் உடையவர்கள், தங்கள் உயிர்நாடியாகக் கருதிப் பேணினர். வயல்கள் மனைகளான பிறகு, பல இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அது வீட்டுக்குப் பின்புறம் ஓடும் சாக்கடையாகிவிட்டது. ஒருவரையொருவர் அறியாத மக்களிடையே பொதுச் சொத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு விடை இல்லை. இந்தக் குறைக்கு மருந்து குடியிருப்பைச் சாதிவாரியாகப் பிரிப்பதில் இருக்க முடியாது, ஏனெனில் கால்வாய் எல்லாத் தெருக்களின் கழிவையும் சேர்த்தே சுமக்கிறது. தம்மவரோடு வாழ விரும்புவதும் பிறரைத் தம்மருகே வாழவிடாமல் தடுப்பதும் ஒன்றாகா; முன்னது விருப்பம், சட்டம் தொட வேண்டியது பின்னதை மட்டுமே.

இன்றைய சட்டநிலை போதுமானதாக இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் எந்தப் பகுதியிலும் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் வாயால் சொல்லப்படாத காரணத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம், மத அடிப்படையிலான மறுப்போ அதன் வரம்புக்குள் வருவதே இல்லை. வாடகை உறவை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தப் பதிவையும் வெளியேற்றத்தையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் அதன் பார்வையில் வாடகைதாரரே அல்லர்.

தன் வீட்டில் யாரை வைப்பது என்பது உரிமையாளரின் விருப்பம் என்ற மறுப்பு எழும். குடும்பம் வாழும் வீட்டுக்கு அது பொருந்தும். பணம் ஈட்டுவதற்காகச் சந்தைக்கு வந்துவிட்ட வீடு ஒரு வணிகம், வணிகத்தில் கடைக்காரர் சாதி கேட்டுப் பண்டம் விற்பதை அரசியல் சாசனம் ஏற்பதில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், உரிமையாளரும் உடன் வாழும் சிறிய கட்டடங்களுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கை இங்கே கொண்டுவந்தால் சட்டமே வெறும் தாளாகிவிடும், ஏனெனில் பாளையங்கோட்டையில் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உரிமையாளர் கீழே இருக்கும் மாடி வீடுகளே. சிங்கப்பூர் 1989இல் செய்ததுபோல, ஒவ்வோர் அடுக்ககத்திலும் இன்ன இனத்தார் இத்தனை பேர் என்று அரசே வரையறுப்பதும் இங்கே ஒத்துவராது. பெரும்பகுதி வீடுகள் அரசுக் கட்டடங்களாக இருக்கும் நாட்டுக்கே அது இயலும்.

ஆகவே, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, சாதி மத அடிப்படையிலான மறுப்பு ஒரு தவறு என்று அதில் சேர்த்து, வாடகை அதிகாரியிடமே முறையிடவும், சிறைத்தண்டனைக்குப் பதிலாக இழப்பீடு பெறவும் வழி செய்ய வேண்டும். தரகர்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இந்தத் தடை நீள வேண்டும். சட்டமன்றம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை செய்தித்தாள்களுக்கு உண்டு: வரி விளம்பரப் பகுதியில் “குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டும்” என்று வரும் வாடகை அறிவிப்புகளை நாளையிலிருந்தே வாங்காமல் திருப்பி அனுப்புவது.