அவர்களாகவே சொல்லட்டும்

கிரேட்டா துன்பர்க் என்ற பெயர் நம்மூர் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது 2021 பிப்ரவரியில். டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த சமயம், அவர்களுக்கு ஆதரவாக அந்த ஸ்வீடன் நாட்டுப் பெண் ட்விட்டரில் நாலு வரி எழுதினார். டெல்லியில் அவருடைய படத்தைக் கொளுத்தினார்கள். பெங்களூரைச் சேர்ந்த திஷா ரவி என்ற இளம்பெண் கைதாகிப் பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார். அந்த அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றைய பேச்சு அல்ல. அந்த வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "அந்தப் பொண்ணுக்கு மூளையில ஏதோ கோளாறாம்." அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

கோளாறு என்று அவர்கள் சொன்னது ஆட்டிசத்தை. தமிழில் மதி இறுக்கம் என்று சில பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மதி எங்கே இறுகியிருக்கிறது? பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக வேலை செய்வது, அவ்வளவுதான். பிறர் முகத்தைப் பார்த்துக் குறிப்பறிந்து பேசுவது கஷ்டம். சத்தம், வெளிச்சம், கூட்டம் தாங்காது. ஒரு விஷயத்தில் மனம் போனால் அதிலேயே நிற்கும். சிலருக்குப் பேச்சே வராது, சிலர் பிரமாதமாகப் பேசுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒருவர். நம் தெருவில் எத்தனை பேர் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேட்டாவுக்கு மருத்துவர்கள் சொன்ன பெயர் ஆஸ்பெர்கர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்துவிட்டது. பழைய பெயரும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அந்தப் பெண் 2018 ஆகஸ்ட் 20 அன்று, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஸ்டாக்ஹோமில் நாடாளுமன்றத்துக்கு வெளியே ஒரு பலகையோடு தனியாக உட்கார்ந்தார். அதற்கு முன்னால் சில வருஷம் சாப்பிடாமல், வீட்டு ஆட்களைத் தவிர யாரோடும் பேசாமல் கிடந்த பிள்ளை. மற்றவர்களைப் போல எல்லோரோடும் பழகத் தெரிந்திருந்தால் ஏதாவது சங்கத்தில் சேர்ந்திருப்பேன், அது வராததால்தான் தனியாகப் போய் உட்கார்ந்தேன் என்ற பொருளில் பின்னாளில் பேட்டி கொடுத்தார். நமக்கெல்லாம் உலகம் சூடாகிறது என்ற செய்தி காதில் விழும், ஐயோ பாவம் என்போம், அடுத்த வேலையைப் பார்ப்போம். அவருக்கு அப்படி ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஒரே விஷயத்தை ஒரே குரலில், எதிரே இருப்பவர் முகம் சுளிக்கிறதா என்று பாராமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 2019 செப்டம்பரில் ஐ.நா. சபையில் உலகத் தலைவர்களைப் பார்த்து அவர் கோபப்பட்ட பேச்சு அப்படி வந்ததுதான். அதே வாரம் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் விவாதத்துக்கு வந்த ஒருவர் அவரை மனநோயாளிக் குழந்தை என்றார். தொலைக்காட்சி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதற்குச் சில வாரம் முன்பு, 2019 ஆகஸ்ட் 31 அன்று, அவரே ட்விட்டரில் எழுதியிருந்தார்: எனக்கு ஆஸ்பெர்கர் இருக்கிறது, சரியான சூழ்நிலை அமைந்தால் வேறுபட்டிருப்பது ஒரு பெரும் பலம் என்று. இதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்காக வெளியே சொல்லவில்லை, இதை இன்னும் நோய் என்று நினைக்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன் என்றும் விளக்கினார். அதற்கும் ஒரு வருஷம் முன்பே குடும்பத்தார் எழுதிய புத்தகத்தில் மகளின் கதை வந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய அம்மா பெயர் பெற்ற பாடகி. ஆனாலும் உலகத்தின் முன்னால் தன் வாயால், தன் சொல்லில், அந்தப் பெண் மறுபடி சொன்னபோதுதான் அது அவருடையதாயிற்று. அதன் பிறகு யாராவது "உனக்கு ஆட்டிசம்" என்று கத்தினால் அதில் என்ன காரம் இருக்கிறது? அவர்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

இன்னொருவர் ஈலான் மஸ்க். 2021 மே 8 அன்று அமெரிக்காவின் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி மேடையில் நின்று தனக்கும் ஆஸ்பெர்கர் என்றார். நான் சில சமயம் ஏடாகூடமாக எழுதுவேன், என் மூளை அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். மறு வருஷம் அவர் ட்விட்டரையே 4400 கோடி டாலருக்கு வாங்கியது தெரிந்த கதை. மஸ்க் சொன்னதும் அவருடைய உரிமை. ஆனால் சபையில் ஒருவரைப் புண்படுத்திவிட்டு, என் மூளை அப்படி என்று நகர்ந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர் ஒளிவுமறைவில்லாமல் பேசுவார் என்பது உண்மை. அதனால் எது பேசினாலும் கேள்வி கிடையாது என்றால், அந்த மனிதரைப் பெரியவராகவே மதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கிரேட்டா சொல்வது தப்பென்றால் தப்பென்று வாதாடுங்கள். மஸ்க்குக்கும் அதே தராசுதான்.

இவர்கள் எல்லாம் எங்கோ இருப்பவர்கள். நம் பக்கத்துக்கு வருவோம். 2022 மார்ச் 20 அன்று ஜியா ராய் என்ற பதின்மூன்று வயதுப் பெண், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் சுமார் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்தி வந்தாள். மும்பையில் வளர்ந்த, கடற்படை ஊழியர் ஒருவரின் மகள். ஆட்டிசம் உள்ளவள், பேச்சு குறைவு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய் அரிச்சல்முனையில் அலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணீர் விளையாட்டுத் தண்ணீர் இல்லை. ஆட்டிசம் பற்றி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே செய்த முயற்சி அது, அதனால் செய்தியில் அந்தச் சொல் வருவது சரிதான். ஆனால் நீந்தியது யார், எப்படி நீந்தினாள் என்பது இரண்டாம் பத்திக்குப் போய்விடுகிறது. "பாவம், அப்படிப்பட்ட பிள்ளை" என்று உச்சுக்கொட்டிப் பகிர்ந்தவர்கள் பலர். பதின்மூன்று மணி நேரம் கடலில் கை போட்டவளைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி?

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டு வயது. பெயர் வேண்டாம். அவனுக்குப் பஸ் என்றால் உயிர். கம்பத்துக்கு எங்கே ஏற வேண்டும் என்றால் ஆரப்பாளையம் என்பான், திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணி என்பான், வழியில் உள்ள நிறுத்தங்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். ஒரு கல்யாண மண்டபத்தில் உறவுக்காரர் ஒருவர் அவனைப் பேசவிட்டு செல்போனில் எடுத்து, பின்னணியில் சோகப் பாட்டைச் சேர்த்து, ஆட்டிசம் சிறுவனின் அபார ஞாபகசக்தி என்று தலைப்புக் கொடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். பையனையும் கேட்கவில்லை, பெற்றவளையும் கேட்கவில்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். வீடியோ எங்கெங்கோ சுற்றியது. கீழே பாதிப் பேர் தெய்வக்குழந்தை என்று கும்பிட்டார்கள், மீதிப் பேர் எழுதியதை இங்கே எழுத முடியாது. மூன்று மாதத்தில் குணப்படுத்துகிறோம் என்று மருந்து விற்கிறவர்கள் போன் நம்பர் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, பயிற்சியும் பொறுமையும்தான் உண்டு. அந்தத் தாய் அதையும் ஒவ்வொருத்தரிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகு தெருவில் இறங்கினால், "டேய் தம்பி, தேனி பஸ் எங்கடா நிக்கும்?" என்று முன்பின் தெரியாதவர்கள் மறிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பதில் சொன்னான். பிறகு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். கொஞ்ச நாளில் பஸ் பார்க்கவே போகமாட்டேன் என்றுவிட்டான். அவன் அம்மா என்னிடம் சொன்னது: "சார், அவனுக்குப் பஸ்தான் பிடிக்கும். கூட்டம் பிடிக்காது. எம்புள்ளைக்கு இப்படின்னு யார்கிட்ட எப்பச் சொல்லணும்னு நானே இன்னும் முடிவு பண்ணல. அதுக்குள்ள ஊருக்கே சொல்லிட்டாங்க."

அந்தப் பையனும் இப்போது சமூக ஊடகப் பிரபலம்தான், அவன் விண்ணப்பிக்காமலே. பெரியவனாகி ஒரு வேலைக்குப் போகும்போதும் அந்த வீடியோ எங்கேயாவது கிடக்கும். கிரேட்டா தானே எழுதியதை அவன் விஷயத்தில் உறவுக்காரர் எழுதிவிட்டார்.

பேச்சு வராத பிள்ளையிடம் எப்படிச் சம்மதம் கேட்பது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சு வராதவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? அமெரிக்காவில் ஹரி ஸ்ரீனிவாசன் என்றொரு இளைஞர் இருக்கிறார். வாயால் அதிகம் பேச முடியாதவர், தட்டச்சு செய்துதான் பேசுகிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, வான்டர்பில்ட்டில் நரம்பியல் ஆராய்ச்சிக்குப் போனார். தன்னைப் பற்றித் தானே நிறைய எழுதுகிறார். எல்லோருக்கும் அது வராது, ஒப்புக்கொள்கிறேன். வராதவர்கள் விஷயத்தில்தான் நாம் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும்.

யாரும் பேசாவிட்டால் விழிப்புணர்வு எப்படி வரும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு வழி காட்டியவர் நம் தமிழிலேயே இருக்கிறார். எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்ட காலத்திலேயே எழுத வந்தவர். தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் அழுதுகொண்டு உட்காராமல், 'ஆட்டிசம் சில புரிதல்கள்' என்று பெற்றோருக்கான புத்தகம் எழுதினார். ஆட்டிசம் உள்ள சிறுவனை மையமாக வைத்து 'துலக்கம்' நாவல் எழுதினார். 2020-இல் அவருக்குப் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது வேறொரு சிறுவர் நூலுக்காக. அவர் எழுதியதைப் படித்தால் இந்தப் பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்று தெரிகிறது. ஒரு பிள்ளையை மேடையேற்றி வித்தை காட்டச் சொல்லும் வேலை அதில் இல்லை.

சட்டமும் சும்மா இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்று 92-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களில் இவர்களைக் காட்டும்போது இழிவான சொற்களைத் தவிர்க்க வேண்டும், அவர்களையே கலந்து பேச வேண்டும் என்று வழிகாட்டுதல் தந்தது. சினிமா எடுப்பவருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், கல்யாண மண்டபத்தில் செல்போனைத் தூக்குகிறவருக்கு இருக்கக்கூடாதா?

நம் வயதுக்காரர்கள்தான் குழுக்களில் அதிகம் பகிர்கிறவர்கள் என்பதால் இதை உங்களிடம் சொல்கிறேன். அப்படியொரு வீடியோ வந்தால், இதைப் போடச் சொன்னது அந்தப் பிள்ளையா, பெற்றவர்களா, வேறு யாராவதா என்று அனுப்பியவரிடம் ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. எங்கள் குழுவில் கேட்டபோது ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே போனார். இரண்டு பேர் வீடியோவை அழித்தார்கள்.

பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால், அம்மாவோடு மாட்டுத்தாவணி போய் ஒரு மணி நேரம் பஸ் பார்த்துவிட்டு வருகிறான்.