புது கிரெடிட் கார்டுக்கு ஆவணம் கேட்கும் வங்கிகள்: எங்கள் நிலைப்பாடு

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்து வங்கி வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டு, அவர்களுக்கு மனு எழுதித் தரும் அமைப்பு நாங்கள். புதிதாக கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தவர்கள் எங்களிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தால் மின் கட்டண ரசீது கேட்கிறார்கள், அதைக் கொடுத்தால் பாஸ்புக் கேட்கிறார்கள், எல்லாம் கொடுத்த பிறகு "டாக்குமென்ட் மிஸ்மேட்ச்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்து விண்ணப்பம் முடிந்துபோகிறது. எது பொருந்தவில்லை என்று கேட்டால் கிளையில் பதில் இல்லை.

சரிபார்ப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம், 2002 அந்தக் கடமையை வங்கிகளுக்கு விதித்திருக்கிறது. அடுத்தவர் பான் எண்ணை வைத்துக் கார்டு வாங்கி, கடனை அப்பாவி தலையில் கட்டும் மோசடி நடக்கிற காலத்தில் வங்கி கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்பதை ஒரே தடவையில், எழுத்தில், எதற்கு என்ற காரணத்தோடு கேட்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

கிளைகளில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. விண்ணப்பித்தவர் யார், எங்கே குடியிருக்கிறார் என்பது ஒன்று. வாங்கும் கடனை அவரால் கட்ட முடியுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கான ஆவணங்களை ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளே வரையறுத்திருக்கின்றன: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம். நம் மக்கள் முதலில் எடுத்து நீட்டும் ரேஷன் கார்டு இதில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு விண்ணப்பத்துக்கு பான் எண்ணும் வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், கணக்கு விவரம் ஆகியவை இரண்டாவது வகை. அவற்றில் எது வேண்டும், எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்கிறது. கவுன்டரில் இரண்டையும் சேர்த்து "ரிசர்வ் வங்கி ரூல்" என்று சொல்வது தவறு.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். கேஒய்சி முடித்த வாடிக்கையாளர் அதே வங்கியில் இன்னொரு சேவை கேட்டால், அடையாளத்தைப் பொறுத்தவரை மறுபடி சரிபார்ப்பு தேவையில்லை என்று 2024 நவம்பரில் வந்த திருத்தம் சொல்கிறது. வேறு வங்கிக்குப் போகிறவர், மத்திய கேஒய்சி பதிவேட்டில் தனக்குள்ள 14 இலக்க எண்ணைக் கொடுத்துச் சம்மதம் தெரிவித்தால், விவரங்களில் மாற்றம் இல்லாதவரை அதே ஆவணங்களைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதே பொது விதி. கேஒய்சி காலாவதி ஆகாத நிலையிலும், பத்து வருடமாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவரிடம் அதே கிளை ஆதார் ஜெராக்ஸ் கேட்பது எந்த வகையில் நியாயம்?

எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் மாவட்டப் பெயர். தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமானது. அதற்கு முன் எடுத்த வாக்காளர் அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் "திருநெல்வேலி மாவட்டம்" என்றுதான் இருக்கும். புதுப்பித்த ஆதாரில் "தென்காசி" வந்துவிடும். வீடு அதேதான், தெருவும் அதேதான். பின்கோடும் மாறவில்லை: தென்காசிக்கு 627811, குற்றாலத்துக்கு 627802. எங்கோ தூரத்து நகரத்தில் கணினியைப் பார்த்து வேலை செய்பவருக்கு இது இரண்டு முகவரியாகத் தெரிகிறது. குற்றாலத்தை ஆங்கிலத்தில் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பது இதற்கு மேல் ஒரு தொல்லை. அரசு மாவட்டத்தைப் பிரித்ததற்குக் குடிமக்கள் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை. மாவட்டப் பெயரோ ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தோ மட்டும் வேறுபட்டு, தெருவும் பின்கோடும் ஒத்துப்போனால் அந்த விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது.

இனிஷியல் விவகாரமும் இப்படித்தான். ஆதாரில் "மா. சுடலைமுத்து" என்று இருப்பவர் பான் கார்டில் "சுடலைமுத்து மாடசாமி" ஆகிவிடுகிறார். பான் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, ஆகவே அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் கிளை நடத்தும் வங்கிக்கு இது தெரியாத செய்தி அல்ல. பெயர் விரிவை விளக்கும் ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு மேலே போகலாம். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண்களுக்கு, அரசின் திருமணப் பதிவுச் சான்று இணைத்தால் பழைய பெயரிலுள்ள ஆவணமே செல்லும் என்று விதியே இருக்கிறது. அதைக் கிளை ஊழியர்கள் தாங்களாகச் சொல்வதில்லை.

வருமானத்துக்கு வருவோம். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவருக்கும், ஐந்தருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவருக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கை நிறையப் பணம். சாரல் நின்றுவிட்டால் வியாபாரமும் நின்றுவிடும். அவர்களிடம் பிப்ரவரி மாதத்தில் கடைசி மூன்று மாதக் கணக்கு விவரம் கேட்டால் அதில் என்ன இருக்கும்? சீசன் தொழில் செய்பவர்களுக்குப் பன்னிரண்டு மாதக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதுவும் போதாதென்றால், வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கார்டு உண்டு என்பதை முதல் நாளே சொல்லலாம். பல வங்கிகள் அதற்கு வருமானச் சான்றே கேட்பதில்லை.

விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது எங்கள் ஆசை அல்ல, 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. "இன்டர்னல் பாலிசி" என்ற இரண்டு சொற்கள் குறிப்பான காரணம் ஆகாது.

விண்ணப்பிப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. கடை வாசலுக்கு வரும் ஏஜென்டின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதாரையும் பானையும் அனுப்பாதீர்கள். வங்கியின் செயலியில் ஏற்றுங்கள், அல்லது கிளையில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜெராக்ஸின் குறுக்கே "கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதி, வங்கியின் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆதார் நகலில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிவது போதுமா என்று கேளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். சரிபார்ப்பு என்று சொல்லி யார் ஓடிபி கேட்டாலும், செயலி ஒன்றை இறக்கச் சொன்னாலும் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள். ஒரே வாரத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடுவதும் நல்லதல்ல. ஒவ்வொரு விசாரணையும் உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறலாம், முதலில் அதை வாங்கிப் பாருங்கள்.

காரணம் சொல்லாமல் நிராகரித்தாலோ, கொடுத்த ஆவணத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 14448. கார்டு கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் வணிக முடிவு, அதைக் குறைதீர்ப்பாளர் மாற்றித் தரமாட்டார். எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை உங்களுடையது. அதற்கான மனுவை எழுதத் தெரியாதவர்கள், வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியோடும் ஒப்புகைச் சீட்டோடும் எங்களிடம் வாருங்கள்.