கூட்டமைப்பின் குரல் எவர் குரல்?

ஒரு தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடித் தம் குறைகளை ஆள்வோரிடம் எடுத்துரைத்தல் குற்றமன்று. தமிழ் மண்ணுக்கு அது புதிதும் அன்று. கி.பி. 1088-ஆம் ஆண்டிலேயே, கடல் கடந்த சுமத்திராத் தீவின் பாரூசில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிற் கல்வெட்டு நாட்டினர். மரக்கலம் ஏறி வணிகம் செய்தோர்க்குக் குழு இருந்ததெனின், வானூர்தி வணிகர்க்கும் குழு இருத்தல் இயல்பே. ஆயின், அக் குழுவின் குரல் எவருடைய குரல் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

உலக வானூர்தி நிறுவனங்கள் 1945-இல் கியூபாவின் அவானா நகரிற் கூடிப் பன்னாட்டு வான்போக்குவரத்துக் கழகத்தை அமைத்தன. இன்று ஏறத்தாழ 350 நிறுவனங்கள் அதன் உறுப்பினர். உலக வான்போக்குவரத்தில் நூற்றுக்கு 80 பங்குக்குமேல் அவற்றின் கையில். ஒரே சீட்டைக் கொண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஊர்திகளில் மாறிச் செல்ல முடிவது அக் கழகம் வகுத்த ஒழுங்கினால்தான். இதனை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் அதன் ஆற்றலையும் எண்ணிப் பாருங்கள். வானூர்தி நிலையங்களுக்கு மூவெழுத்துக் குறியீடு வழங்குவதும் அதுவே. நம் தலைநகர் 1996-இல் சென்னை என்றாயிற்று. பயணச்சீட்டிலோ மெட்ராசை நினைவூட்டும் ‘எம்.ஏ.ஏ.’ என்பதே இன்றும் நிற்கின்றது.

இந்தியாவில் 2006-இல் வானூர்தி நிறுவனங்களின் கூட்டமைப்புத் தோன்றிற்று. எரிபொருள் வரி மிகுதி என்பது அதன் நெடுநாள் முறையீடு. 2009-இல், ஆகத்து 18 அன்று ஊர்திகளை நிறுத்துவோம் என்று தனியார் நிறுவனங்கள் கூட்டமைப்பின் வழியே அறிவித்துப் பின்னர்க் கைவிட்டன. வரிச்சுமை பொய்யன்று. ஆனால், 2014-இல் புதிய நிறுவனம் ஒன்று களமிறங்கியபோது, அயல்முதல் பற்றிய ஒழுங்குமுறையைக் காட்டி, அதன் உரிமத்தை எதிர்த்துத் தில்லி உயர்வழக்கு மன்றம் ஏறியதும் இதே கூட்டமைப்புத்தான். போட்டி பெருகின் கட்டணம் குறையும் என்று காத்திருந்த பயணியின் குரலா அது?

வலவர்களின் ஓய்வுச் செய்தி இன்னும் தெளிவானது. கிழமைதோறும் 36 மணிநேரமாக இருந்த ஓய்வை 48 ஆக உயர்த்தியும், இரவில் ஆறாக இருந்த தரையிறக்கத்தை இரண்டாகக் குறைத்தும் 2024 சனவரியில் அரசின் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆணையிட்டது. அவ்வாண்டு சூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். கூட்டமைப்புக் காலநீட்டிப்புக் கேட்டது, ஆணை தள்ளிப்போயிற்று. வலவர்கள் வழக்குமன்றம் சென்ற பின்னரே 2025 சூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக அது நடப்புக்கு வந்தது. அடுத்த திங்களே, உள்நாட்டுப் பயணத்தில் நூற்றுக்கு 60 பங்குக்குமேல் வைத்திருந்த இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான பறப்புகளைக் கைவிட்டது. மக்கள் நிலையங்களில் நாட்கணக்கில் வாடினர். கேட்டுப் பெற்ற காலத்தில் போதிய வலவரைச் சேர்க்காதது எவர் குற்றம்? அப்போதும் அந் நிறுவனத்திற்கே 2026 பிப்பிரவரி வரை விலக்களித்தனர்!

காஞ்சியில் பட்டு விற்போர் கூட்டமும் பட்டு நெய்வோர் கூட்டமும் ஒன்றாகுமா? விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டு நெசவாளி கூலியை வரையறுத்தால் தறி என்னாகும் என்பதை நம் தெருக்கள் அறியும். வானூர்தித் தொழிலும் அத்தகையதே. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுவதால்தான் எம்மூர் திருமுக்கூடல். ஓராறு மட்டும் ஓடின் கூடல் ஏது? உரிமையாளர், உழைப்பாளர், பயணி என்னும் மூவர் குரலும் கூடினால்தான் தொழிலின் குரல். 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் நிலையத்திற்கு எதிராக ஊரவைதோறும் தீர்மானம் இயற்றிய ஏகனாபுரத்து உழவர் குரலை ஏந்த எந்த நிறுவனக் கூட்டமைப்பு வரும்?

எனவே, கூட்டமைப்பைக் கலைக்கச் சொல்லவில்லை. அது தன் உறுப்பினர்க்காகப் பேசட்டும். அரசு அதனைத் தொழில் முழுமைக்கும் சார்பாளராகக் கொள்ளலாகாது என்பதே நம் கோரிக்கை. நிறுவனங்கள் தரும் ஒவ்வொரு முறையீடும் மக்கள் பார்வைக்கு வெளியிடப்படுக. வலவர்க்கும் பயணிக்கும் அதே மேசையில் இருக்கை தருக. தமிழ்ப் பயணிகளும் தமக்கென ஓர் அமைப்புக் காண்க. தமிழகத்தினின்று எழும் ஒவ்வோர் ஊர்தியிலும் காப்பு அறிவிப்பு தமிழில் ஒலிக்க வேண்டும் என்பதை அதன் முதற் கோரிக்கையாக வைக்க. உயிர் காக்கும் சொல் கேட்பவனுக்கு விளங்க வேண்டாவா? கூடாதவன் குரல் கேளாது, ஆகலின் கூடுவோம்!